ஒரு குதிரைக்கு ஒரு நகரம்! நம்ம கரை குதிரைகளுக்கு?

 

அலெக்சாண்டர் பேரை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் குதிரையின் பேர் தெரியுமா? புசிபேலஸ். கிரேக்க மொழியில் 'காளைத் தலை' என்று அர்த்தம்.

அலெக்சாண்டர் சிறுவனாக இருந்தபோது, அவர் அப்பா பிலிப் மன்னரிடம் ஒரு வியாபாரி இந்தக் குதிரையை விற்க வந்தார். யாரையும் அது ஏறவிடவில்லை. மன்னர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அலெக்சாண்டர் மட்டும் உற்றுப் பார்த்தார். தன் நிழலைப் பார்த்துத்தான் அது மிரளுது என்று கண்டுபிடித்தார். அதன் முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினார். நிழல் பின்னால் போனது, குதிரை அடங்கியது! இதை புளூடார்க் என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் போரஸ் மன்னரோடு போர் நடந்தது. அதையொட்டி புசிபேலஸ் இறந்துபோனது. அதன் நினைவாக அந்தக் கரையில் 'புசிபேலா' என்று ஒரு நகரத்தையே அமைத்தார் அலெக்சாண்டர். அந்த இடம் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1714-இல் ஆற்காட்டு நவாப்போடு போரிட்டு இறந்த செஞ்சி தேசிங்கு ராஜாவும், யாருக்கும் அடங்காத ஒரு குதிரையை அடக்கியவர் என்று கதைப்பாடல் சொல்கிறது. செஞ்சிப் பக்கம் நீலாம்பூண்டியில் அவருடைய நண்பர் மகமத்கானுக்கும் குதிரைக்கும் சமாதி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

சரி, நம்ம ஊருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? கடற்கரையில் வைத்து எங்க காக்காவிடம் கேட்டேன். "குதிரையா? இங்க ராட்டினக் குதிரைதான் உண்டு" என்று சிரித்தான். ஆனால் உண்மை வேறு!

சுமார் 1292-இல் வந்த மார்க்கோ போலோ 'காயில்' என்ற துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸ், ஏடன், அரேபியா பக்கமிருந்து வரும் கப்பல்கள் குதிரைகளோடு அங்கேதான் வந்து நிற்குமாம். அது பக்கத்திலுள்ள பழையகாயல் என்பது கால்டுவெல் கருத்து. நம்ம காயல்பட்டினம்தான் என்பவர்களும் உண்டு. எதுவானாலும் நம்ம தாமிரபரணிக் கரைதான்!

அப்போது ஆண்டவர் மாறவர்ம குலசேகர பாண்டியர். வாசாப் என்ற பாரசீக ஆசிரியர் கணக்கே தருகிறார். மாபார் என்ற நம்ம கரைக்கும் மற்ற சில துறைமுகங்களுக்கும் சேர்த்து வருடம் 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தீனார். பெருக்கிப் பார்த்தேன், 22 லட்சம் தீனார்! கடலில் வரும்போதே குதிரை செத்தாலும் அதற்குப் பணம் கொடுக்கணுமாம்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கியவை என்ன ஆச்சு? வருடம் முடியும்போது பெரும்பாலானவை செத்துவிடும் என்கிறார் மார்க்கோ போலோ. அரிசிச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்களாம். புல் தின்கிற பிராணிக்கு அது ஒத்துக்கொள்ளுமா? குதிரை வைத்தியம் தெரிந்த ஆளும் இங்கே இல்லை. வியாபாரிகள் வேண்டுமென்றே அப்படிப்பட்டவர்களை வரவிடவில்லையாம். குதிரை செத்தால்தானே மறுபடி விற்க முடியும்!

இதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரு குதிரை எதற்கு மிரளுது என்று ஒருத்தர் உற்றுப் பார்த்தார். அது கடைசி வரை அவர் கூடவே இருந்தது, அதன் பேரில் ஒரு நகரமும் வந்தது. இங்கே ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியும், அதுகளுக்கு என்ன நோவு என்று பார்க்க ஆளில்லை. ஒன்றுக்குக்கூட பேர் தெரியாது, ஒரு கல்லும் கிடையாது.

நம்ம வீட்டு ஆடு, பூனை தீனி எடுக்காமல் படுத்திருந்தால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். என்னவென்று பாருங்கள். தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தத் தாளின் ஓரத்தில் நான் வரைந்திருப்பது புசிபேலஸ் இல்லை. நம்ம கரையில் இறங்கிய பேர் தெரியாத குதிரை. கால் சரியாக வரவில்லை, மன்னிக்கவும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி