ஒன்பதாமவர்

இங்கிலாந்து நாட்டில் கேம்பிரிட்ஜ் நகரின் வழியே கேம் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. அந்நகரின் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு அவ்வாற்றங்கரையில் படகுக் கழகங்கள் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் புதிய மாணவர் வந்து சேர்ந்ததும், அக்கழகத்தார் துடுப்பு வலிக்கத் தக்க நெடிய உடலினரைத் தேடுவர். அவர்களோடு, உருவிற் சிறிய சிலரையும் தனியே நாடிச் செல்வர். விளையாட்டுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கி நிற்கும் அச்சிறியோரை அவர்கள் அழைப்பது ஏன்? அதனை இப்பாடத்திற் காண்போம்.

பந்தயப் படகுகளுள் சிறந்தது எண்மர் படகு. அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர். அதில் எண்மர் ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்து துடுப்பு வலிப்பர். அவர்கள் அனைவரும் படகின் பின்முனையை நோக்கியே அமர்ந்திருப்பர். படகு செல்லும் திசை அவர்களுக்கு முதுகுப்புறமாகும். முன்னோக்கி அமர்ந்திருப்பவர் ஒன்பதாமவர் ஒருவரே. ஆங்கிலேயர் அவரைக் காக்ஸ் என்பர். நாம் மீகாமன் எனலாம். அவர் கையில் துடுப்பு இல்லை. சுக்கானை அசைக்கும் கயிறும், வாய்ச்சொல்லுமே அவர்தம் கருவிகள். எண்மரும் தம் கண்களை அவரிடம் ஒப்படைத்துள்ளனர் என்றால் அது மிகையாகாது.

மீகாமன் எடை குறைந்தவராய் இருப்பது நலம். படகின் சுமை மிகுந்தால் அது நீரில் ஆழ்ந்து, தடை மிகும். ஆயினும் எடை ஒன்றே தகுதி அன்று. உலகப் படகுப் போட்டிகளில் மீகாமனின் எடை 55 கிலோவிற்குக் குறைதல் கூடாது; குறைந்தால், ஈடான சுமையை அவர் படகில் ஏற்றிச் செல்லல் வேண்டும். ஆதலின் பட்டினி கிடந்து உடலை மெலிவிப்பதால் பயனில்லை, கேடே விளையும். ஆண், பெண் என்ற வேறுபாடும் இப்பணிக்குத் தடையன்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையே 1829-ஆம் ஆண்டு தொடங்கிய படகுப் பந்தயத்தில், 1981-இல் சூ பிரவுன் என்னும் பெண்மணி ஆக்ஸ்போர்டின் ஆடவர் எண்மரை நடத்தி வெற்றி கண்டார். அப்பந்தயத்தில் பங்கு கொண்ட முதற் பெண்மணி அவரே.

புதிய மீகாமனின் பயிற்சி கரையிலேயே தொடங்குகின்றது. எண்மரும் படகைத் தூக்கி நீரில் இறக்குவதும் அவரது சொற்படியே நிகழும். கட்டளையிடும் முறையை அவர் முதலிற் பயில்வார். ‘யார், என்ன, எப்பொழுது’ என்பதே அம்முறை. முன்முனையில் இருப்பவர் முதலாமவர்; மீகாமனுக்கு எதிரே இருப்பவர் எட்டாமவர். எந்த எண்ணினர், எதனைச் செய்தல் வேண்டும் என்று முன்னரே கூறிப் பின்னரே ‘இப்பொழுது’ என்றல் வேண்டும். ‘இடம், வலம்’ என்னும் சொற்களும் படகில் மயக்கம் தரும். மீகாமனின் இடப்புறம் எண்மருக்கு வலப்புறமன்றோ! ஆதலின் படகின் இருபக்கங்களுக்கும் மாறாத பெயர்கள் வழங்குகின்றன. அவற்றை அவர் தடுமாற்றமின்றிச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

அடுத்து, சுக்கான். நீண்ட படகுக்கு உள்ளங்கையளவினதாகிய சிறு சுக்கானே உண்டு. கயிற்றை அசைத்தவுடன் படகு திரும்பாது. சற்றுப் பொறுத்தே திரும்பும். புதியவரோ பொறுமையிழந்து மேலும் இழுப்பார். படகு அளவிறந்து திரும்பும். அதனைத் திருத்த மறுபுறம் இழுப்பார். படகு பாம்புபோல் நெளியும். வேகமும் குறையும். ஆதலின் தொலைவில் ஒரு குறியை நோக்குக, சிறிதே அசைக்க, பின் காத்திருக்க என்று பயிற்சியாளர் கற்பிப்பர்.

எல்லாவற்றினும் தலையாயது, படகை நிறுத்தும் கட்டளை. ஆட்களுடன் சேர்ந்து முக்கால் டன்னுக்கு மேற்பட்ட எடையுடன் விரையும் படகு எளிதில் நிற்பதன்று. 1888-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ்ப் பந்தயத்தில், ஒரு படகின் கூர்முனை தாக்கி மாணவர் ஒருவர் உயிர் நீத்தார். அதன் பின்னரே படகின் முனையில் ரப்பர்ப் பந்து பொருத்தும் விதி பிறந்தது. கேம் ஆறு குறுகியதாகலின், அங்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்று புறப்பட்டு, முன்செல்லும் படகை முட்ட முயலும். முட்டப்பட்ட படகின் மீகாமன் உடனே கையுயர்த்தித் தோல்வியை ஏற்றல் வேண்டும். சிறிது தாழ்த்தாலும் ஊறு நேரும். வெற்றி வேட்கையினும் தோழரின் உயிரே பெரிது என்பதை அவர் அக்கணத்தில் மறத்தல் ஆகாது.

இக்காலத்தில் மீகாமனின் குரலை ஒலிபெருக்கி எண்மருக்கும் கொண்டு சேர்க்கின்றது. ஆதலின் உரத்த குரலினும் தெளிந்த சொல்லே வேண்டப்படுவது. காணாததைக் கண்டதாகக் கூறாமை, அஞ்சியபோதும் பதறாமை, பிழை நேர்ந்தால் மறைக்காமை ஆகிய பண்புகளாலேயே அவர் எண்மரின் நம்பிக்கையைப் பெறுகின்றார். அந்நம்பிக்கை உள்ளவிடத்து, ‘நிறுத்துக’ என்னும் ஒரு சொல்லுக்கு எட்டுத் துடுப்புகளும் ஒருங்கே அடங்கும். அது இல்லாவிடத்து, எவ்வளவு உரக்கக் கூவினும் பயனில்லை. வலிமையுடையோர் படகைச் செலுத்துவர். வழியறிந்த ஒருவரே அவர்களைக் கரை சேர்ப்பார்.