மறுபரிசோதனை நாளுக்கு ஆயத்தம்



முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிற பலர், மறுபரிசோதனைச் சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். "நடக்கத்தான் முடிகிறதே, பாஸ்டர்" என்பார்கள். மெய்யான காரணம் பல வேளைகளில் வேறு. அடையாற்றிலிருந்து மயிலாப்பூர் வந்துபோக ஆட்டோக் கூலி, உடன் வரும் மகளுக்கு ஒரு நாள் சம்பளம். இவற்றை வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம்.

இரண்டாம் முறை பார்ப்பது வேதத்தில் புதிதல்ல. லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், சந்தேகமான தழும்பைக் கண்ட ஆசாரியன் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் கழித்துப் பார்க்கிறான். தேவையானால் இன்னும் ஏழு நாள். மாற்கு 8-இல் வரும் பெத்சாயிதா குருடனின் சம்பவம் மற்ற சுவிசேஷங்களில் இல்லை. ஆண்டவர் அவன்மேல் கைகளை வைத்தபின் பார்வை எப்படி என்று விசாரிக்கிறார். அவன் மரியாதைக்காக "நல்லாயிருக்கு ஐயா" என்று சொல்லிவிடவில்லை. மனிதர் மரங்களைப்போலத் தெரிவதாக உள்ளதைச் சொன்னான். அதை யாரும் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. ஆண்டவர் மறுபடியும் கைவைத்தார்.

நம் ஜனங்களோ டாக்டர் முன்னால் "ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்" என்பார்கள். வெளியே வந்து என்னிடம் இராத்தூக்கம் இல்லை என்பார்கள். வலி என்று சொன்னால் நன்றிகெட்டவர்களாகி விடுவோமோ என்ற பயம்! ஆகவே முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வலி எப்போது வருகிறது, எத்தனை படி ஏற முடிகிறது, கால் எவ்வளவு மடங்குகிறது, முழுவதும் நீளுகிறதா. மடங்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள்; நீளாத கால் நடையையே கெடுத்துவிடும். அன்பான மருமகள்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கிறார்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நீளாமல் போக அதுவே வழி.

டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே, சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், விசேஷமாக இரத்தம் உறையாமலிருக்கத் தருபவை, சர்க்கரை அளவுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். தளர்ந்த உடை போதும். காரில் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள்.

பொதுவாக இரண்டாம் வாரத்தில் தையலையும், ஆறாம் வாரத்தில் நடையையும் பார்ப்பார்கள். பின்பு சில மாதங்களிலும் ஒரு வருஷத்திலும் அழைப்பார்கள். ஆனால் காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தால் தேதிக்காகக் காத்திராதிருங்கள். அன்றே வாருங்கள்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்கி என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இனி திருவிருந்துக்கு முழங்காற்படியிடலாமா?" காயம் நன்றாக ஆறினபின், மெத்தென்ற திண்டின்மேல் முழங்காலூன்றுவது பலருக்கு ஆபத்தானதல்ல, ஆனால் தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது சகஜம், ஆகையால் அநேகருக்கு அது கூச்சமாயிருக்கும். உங்கள் மூட்டைப் பொறுத்து அறுவை செய்த மருத்துவரே சொல்லவேண்டும். அவரிடமே கேளுங்கள், அது சின்னக் கேள்வி அல்ல. அதுவரை நின்றபடியே அப்பமும் ரசமும் வாங்கலாம். எந்தக் குருவானவரும் மறுக்கமாட்டார். தரையில் சம்மணமிடுவதையும் இந்தியக் கழிவறையையும் பற்றி அதே நாளில் கேட்டுவிடுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. நியூயார்க்கில் டாக்டர் ஜான் இன்சாலும் உடன் உழைத்தவர்களும் 1974-இல் பயன்படுத்தத் தொடங்கிய செயற்கை மூட்டின் வழியில்தான் இன்றைய மூட்டுகளும் வந்தன. 2017 ஆகஸ்டில் நம் அரசு இவற்றின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். இந்தப் பெரிய தொகைக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் உண்டு, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆட்டோக் கூலிக்குக் கொடுக்கத்தான் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதற்காகவே சிலர் வராமலிருக்கிறார்கள்.

சாந்தோமிலோ தியாகராய நகரிலோ உங்கள் சபையில் கார் வைத்திருக்கிறவர் ஒருவர், வாரநாளில் ஒரு காலைப்பொழுது கொடுக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். வீட்டில் இனி தேவைப்படாத வாக்கர் இருந்தால் அதையும் அந்தக் காரிலேயே அனுப்பிவைக்கலாம்.