ரசிகையாக இரு, தோழியாகவும் இரு

அன்பு மகளுக்கு,

கொரிய இசைக்குழு பிடிஎஸ்ஸின் ரசிகர் குழுவில் கிடைத்த தோழிகளைப் பற்றி எழுதியிருந்தாய். கோழிக்கோட்டில் ஒருத்தி, இம்பாலில் ஒருத்தி, மணிலாவில் ஒருத்தி. “முகம் பார்க்காமல் பழகுவதெல்லாம் நட்பா என்று வீட்டில் கேட்கிறார்கள், சித்தி” என்றும் எழுதியிருந்தாய்.

நட்புதான். ஆனால் ஒரே பாட்டு இருவருக்கும் பிடித்துவிட்டால் போதாது. பாட்டு அறிமுகம் செய்து வைக்கும், அவ்வளவே. அதற்குப் பிறகு ஒருத்திக்கு ஒருத்தி என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நட்பாகும்.

உனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனாலும் நேரலையில் பிடிஎஸ் பாடகர்கள் சொல்வது சில நிமிடங்களில் உனக்குப் புரிந்துவிடுகிறது. எங்கோ ஒரு ரசிகை தூக்கம் கெட்டு, காசு வாங்காமல் மொழிபெயர்த்துப் போடுவதால்தான் அது நடக்கிறது. ஆல்பங்களை மொத்தமாக வரவழைத்து, அஞ்சல் செலவைப் பங்கிட்டு, ஒவ்வொருவர் முகவரிக்கும் பிரித்து அனுப்புகிறவளும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு நன்றியாவது எழுது. பிறகு, உன்னால் எந்த வேலையை எடுத்துக்கொள்ள முடியும் என்று பார்.

2020 ஜூனில் கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்குப் பிடிஎஸ்ஸும் அவர்களுடைய நிறுவனமும் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். செய்தி வெளியானதும் ரசிகர்கள் அதே அளவு தொகையை ஏறத்தாழ ஒரே நாளில் திரட்டிவிட்டார்கள். அதை ஒருங்கிணைத்தது ‘ஒன் இன் ஆன் ஆர்மி’ என்ற ரசிகர் அமைப்பு. ஆளுக்குக் கொஞ்சமாகப் பலர் கொடுத்தால் பெரிய தொகை சேரும் என்பதுதான் அவர்கள் வழி. தோழிக்குச் செய்யும் உதவியும் அப்படிச் சின்னதாக இருக்கலாம். கணக்கில் தடுமாறுகிறவளுக்கு ஒரு பாடத்தை ஒலிப்பதிவாகச் சொல்லி அனுப்பலாம். பரீட்சைக் காலத்தில் இருவரும் ஒரே நேரத்தில் போனை அணைத்துவிட்டுப் படிக்கலாம். நாலு நாளாகப் பேச்சே இல்லாதவளிடம், குழுவில் எல்லோர் முன்னும் கேட்காமல், “சாப்பிட்டாயா, உடம்புக்கு என்ன?” என்று தனியாகக் கேட்கலாம்.

2022 டிசம்பரில் பிடிஎஸ்ஸின் ஏழு பேரில் முதலாவதாக ஜின் ராணுவ சேவைக்குப் போனார். கடைசியாக சுகா சேவையை முடித்தது 2025 ஜூனில். அந்த இரண்டரை ஆண்டுகளில் ஏழு பேரும் சேர்ந்து ஒரு கச்சேரி நடத்தவில்லை. பாட்டைப் பற்றி மட்டுமே பேசத் தெரிந்தவர்களுக்கு அப்போது பேச்சு தீர்ந்திருக்கும். ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை இன்னொருவர் விசாரித்துப் பழகியவர்களுக்குத் தீர்ந்திருக்காது. ஆகவே, ஆல்பம் வாங்க வசதியில்லாதவளையும், ஸ்ட்ரீமிங் செய்ய நேரமில்லாதவளையும் குறைந்த ரசிகையாக நடத்தாதே. வேறு குழுவின் ரசிகர்களைத் திட்டினால்தான் உன்னைச் சேர்த்துக்கொள்வோம் என்பவர்களிடமிருந்து விலகிவிடு.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சிறுமிகள் மூன்று பேர் பிடிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நல்லவேளை, பத்திரமாக மீட்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆசைப்பட்டது தவறும் இல்லை. ஆனால் உன் தோழி இப்படி ஒரு திட்டம் சொன்னால், கூடவே கிளம்புவது நட்பு ஆகாது. “பொறு, முதலில் வீட்டில் பேசலாம்” என்று சொல்ல உனக்குத் துணிவு வேண்டும்.

சில ரகசியங்களைக் காக்கக் கூடாது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், அவள் கோபித்துக்கொண்டாலும் உடனே பெரியவர் ஒருவரிடம் சொல். மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கு 1098; இரண்டு எண்களும் இரவும் பகலும் இயங்குகின்றன, கட்டணம் இல்லை. ஆல்பத்தோடு வரும் போட்டோகார்டு தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர், தனியாகப் படம் அனுப்பச் சொல்கிறவர், வீட்டுக்குத் தெரியாமல் வா என்கிறவர், யாராக இருந்தாலும் என்னிடம் சொல். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகார் எண் 1930-ஐ அழைக்க வேண்டும். நான் திட்ட மாட்டேன்.

உன் அம்மாவுக்கு அந்தத் தோழிகளை வீடியோ அழைப்பில் அறிமுகம் செய்து வை. அவர்கள் ஊர், படிப்பு, குடும்பம் எல்லாம் அவள் தெரிந்துகொள்ளட்டும். பிறகு “இதெல்லாம் நட்பா?” என்று அவள் கேட்க மாட்டாள், “இம்பால் பிள்ளைக்குப் பரீட்சை எப்படி?” என்றுதான் கேட்பாள்.

அன்புடன்,
சித்தி