பையரிடம் நாசூக்காகப் பேச

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஸ்பெயின் பையர்களுக்காக ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆங்கிலத்தில் 'சட்டில்' (subtle) வரும் இடமெல்லாம் அகராதியைப் பார்த்து 'ஸுதில்' என்று எழுதினால், ஆசிரியை பாதியை அடித்துவிடுகிறார். ஏன்? நிலுவைப் பணத்தை மனம் கோணாமல் கேட்கவும் வழி சொல்லுங்கள்.

பதில்: ஆசிரியை அடித்தது சரிதான். இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்று, 'சுப்டிலிஸ்' என்ற லத்தீன் சொல். தறித் துணிக்கு அடியில் ஓடும் மெல்லிய இழையிலிருந்து அது பிறந்ததாகச் சொல்வார்கள். (பின்னலாடைக்காரரிடம் நெசவுக் கதை பேசுவதற்குப் பொறுத்தருள்க.) ஆங்கிலம் 'பி'யை எழுத்தில் வைத்துக்கொண்டு வாயில் விழுங்கிவிட்டது. ஸ்பானிஷ் எழுத்திலும் விட்டுவிட்டது. 'ஸுதில்' என்னும்போது அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும். தாய்மொழிக்காரர்களே சிலர் முதல் அசையை அழுத்துகிறார்கள். அது பிழை என்பது ராயல் ஸ்பானிஷ் அகாடமியின் தீர்ப்பு.

சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலச் சொல் எல்லா வேலைக்கும் ஓடி வரும். ஸ்பானிஷில் அந்த வேலைகள் பங்கு போடப்பட்டிருக்கின்றன. இரண்டு துணிகளுக்குள் கண்ணுக்குச் சட்டென்று படாத வேறுபாடு, மெல்லிய கிண்டல், இலேசான வாசனை, இவற்றுக்கு 'ஸுதில்' தாராளமாக வரும். ஷேட் கண்ணை உறுத்தாமல் இருக்கிறது என்றால் 'ஸ்வாவே' என்பதே இயல்பு. இன்னும் மங்கலானால் 'தேனுவே'. யாருக்கும் தெரியாமல் ஒரு காரியத்தை முடிப்பது 'கோன் திஸிமூலோ'. சாடையாகச் சொல்லும் பேச்சுக்கு 'இந்திரெக்தா' என்று தனிப் பெயரே உண்டு. 'மதீஸ்' என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தின் சாயலுக்கும் பொருளின் நுண்வேறுபாட்டுக்கும் அதே சொல்தான், உங்கள் தொழிலுக்கு நன்றாக உதவும்.

இனி பணத்துக்கு வருவோம். இங்கே அகராதியை மூடிவிடலாம், நாசூக்கு வினைச்சொல்லில் இருக்கிறது. 'கியேரோ' என்றால் 'எனக்கு வேண்டும்'. கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிற தொனி அதில் வந்துவிடும். அதையே 'கெரீயா' என்று இறந்த காலத்தில் போட்டால் குரல் தணிந்துவிடுகிறது, பொருள் என்னவோ இன்றையதுதான். நாமும் எதிரே உட்கார்ந்துகொண்டே "ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்" என்கிறோமே! ஆங்கிலத்திலும் 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று ஆரம்பிப்பது இதே வழிதான். ஆகவே 'கெரீயா ப்ரெகுந்தார்லே போர் எல் பாகோ' என்று தொடங்குங்கள்: பணம் வருவது பற்றித் தங்களிடம் கேட்கலாம் என்றிருந்தேன். 'லே' என்ற ஒட்டு மரியாதைப் பன்மையின் வேலையைச் செய்கிறது. அதை 'தே' ஆக்கினால் 'நீ' ஆகிவிடும். நெருங்கிப் பழகிய பையரிடம் அது குற்றமில்லை, ஆனால் அந்த அழைப்பு முதலில் அவரிடமிருந்து வரட்டும். இதைவிடப் பணிவாக எழுத 'கிஸியேரா' இருக்கிறது. பாக்கி கேட்க அவ்வளவு பணிவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

'மொமெந்தீதோ' (ஒரே நிமிஷம்), 'கொஸீதா' (ஒரு சின்ன விஷயம்) போன்ற சிறுமைப்பொருள் வடிவங்களும் பேச்சை மென்மையாக்கும். போனில் சொல்லலாம், தொழில் மெயிலில் வேண்டாம்.

இன்வாய்ஸ் எண்ணையும் கெடு முடிந்த தேதியையும் மட்டும் பூசி மெழுகாமல் எழுதிவிடுங்கள்.