கூகுள்ல தேடினா நம்ம அகப்பக்கம் வருமா?



போன வருஷம் மாசாயில் எங்கள் ஆலய மண்டபத்தில் எஸ்பிஎம் மாணவர்களுக்கு இலவசமாகக் கூடுதல் கணித வகுப்பு நடத்தினோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இரண்டு அண்ணன்மார்கள், பாலத்து நெரிசலைத் தாண்டி வந்து பாடம் எடுத்தார்கள். பாதி நாற்காலி காலி. வகுப்பு முடியப் போகும் நேரத்தில் தாமான் ரிந்திங்கில் இருந்து ஓர் ஆன்டி வந்தார். “கூகுள்ல எத்தன தடவ தேடினேன் தம்பி, ஒண்ணுமே வரலயே. காசு கட்டி மகன வேற எடத்துல சேத்துட்டேன்” என்றார்.

அந்த அகப்பக்கத்தைச் செய்தவன் நான்தான். பொறியியல் படிக்கிற பையன் என்று நம்பிக் கொடுத்த வேலை அது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

முதலில், கூகுள் என்ன செய்கிறது? நாம் தேடும் நொடியில் அது இணையம் முழுவதும் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. அதன் தானியங்கி நிரல் ஏற்கெனவே பக்கம் பக்கமாகச் சுற்றிப் படித்து, ஒரு பெரிய அட்டவணையில் போட்டு வைத்திருக்கிறது. புத்தகத்தின் கடைசியில் சொல்லகராதி இருக்குமே, அந்த மாதிரி. நாம் தேடும்போது அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறது. அட்டவணையில் இல்லாத பக்கம், கூகுளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

உங்கள் பக்கம் அதில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘சைட்’ என்று தட்டி, பக்கத்திலேயே முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் அகப்பக்க முகவரியைப் போடுங்கள். எந்தெந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அன்றிரவு நான் போட்டுப் பார்த்தபோது ஒன்றுகூட வரவில்லை.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேர்ட்பிரஸில் ‘வாசிப்பு’ அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கட்டம். தளம் பாதிக் கட்டுமானத்தில் இருக்கும்போது யாரும் பார்க்க வேண்டாமே என்று அதில் நானே சரி போட்டிருந்தேன். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். வீட்டைக் கட்டி, கோலம் போட்டு, வாசலில் ‘உள்ளே வராதீர்’ பலகையையும் தொங்கவிட்ட கதைதான். உங்கள் தளமும் வேர்ட்பிரஸ் என்றால், இதைப் படித்து முடிக்கும் முன்பே போய்ப் பாருங்கள்.

கட்டத்தை எடுத்த பிறகு ‘கூகுள் சேர்ச் கன்சோல்’ என்ற இலவசச் சேவையில் தளத்தைப் பதிந்தேன். எந்தப் பக்கம் ஏறியது, எது ஏறவில்லை, என்ன சொல்லைத் தேடி மக்கள் வந்தார்கள் என்றெல்லாம் அங்கே தெரியும். தள வரைபடக் கோப்பையும் அங்கே கொடுக்கலாம். 2020 முதல் வேர்ட்பிரஸ் அதைத் தானாகவே உருவாக்கித் தருகிறது.

அட்டவணையில் ஏறினால் மட்டும் போதாது. நம்ம ஆளுங்க செய்யும் பெரிய தப்பு, எல்லாவற்றையும் போஸ்டராகப் போடுவது. தைப்பூச நிகழ்ச்சி நிரல், வகுப்பு நேரம், அன்னதான விவரம் எல்லாமே அழகான ஒரே படம். புலனத்தில் அனுப்ப அது சரி. அகப்பக்கத்தில் அதே தகவலை எழுத்தாகவும் போடணும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்பி உட்கார முடியாது. கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் படத்தோடு ஒரு விளக்க வரி வேண்டும்.

பக்கத்தின் தலைப்பும் முக்கியம். எங்கள் தளத்தில் பத்துப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்றே தலைப்பு இருந்தது! இப்போது ‘மாசாயில் இலவச எஸ்பிஎம் கூடுதல் கணித வகுப்பு’ என்று மாற்றியிருக்கிறேன். தேடுகிறவர் தட்டும் சொற்கள் அப்படியே அதில் இருக்கின்றன.

அந்தச் சொற்கள் எவை என்பதுதான் நம் ஊரில் சுவாரசியமான சிக்கல். நாம் ‘ஆலயம்’ என்று எழுதுகிறோம். ஒருவர் ‘கோயில்’ என்று தேடுவார், இன்னொருவர் ‘கோவில்’. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் அதையே இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். மலாயில் தேடினால் ‘குயில்’ (பறவை இல்லைங்க!). ‘ஜொகூர்’, ‘ஜோகூர்’ இரண்டும் புழங்குகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு முக்கியப் பக்கத்திலும் தமிழில் முழுமையாக எழுதி, கீழே மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு மூன்று வரி இயல்பாகச் சேர்க்கிறோம். ‘இயல்பாக’ என்பதைக் கவனியுங்கள். ஒரே சொல்லை நூறு தடவை அடுக்குவது கூகுள் விதிகளுக்கே விரோதம். பக்கத்துக்குள் மறைவாகக் குறிச்சொல் பட்டியல் போடும் பழைய வித்தையும் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

தமிழுக்கு உள்ள இன்னொரு தொல்லை, பழைய எழுத்துருக்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. திரையில் ‘அ’ தெரியும். உள்ளே கணினி வைத்திருப்பதோ ஏதோ ஒரு ரோமன் எழுத்தையோ குறியீட்டையோதான். அப்படியிருக்கத் தமிழில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம்கூட நம் இலக்கியங்களை டிஸ்கி என்ற குறியீட்டில் ஏற்றி, பிறகு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒருங்குறியில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டாலும், தமிழ்நாட்டு அரசு அதை முறையாக ஏற்றது 2010ல்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கியது 1985ல். கணினியில் தமிழ் என்ற கதையில் மலேசியர்கள் பின்வரிசை இல்லை. ஆனாலும் நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளும் மலர்களும் இன்னும் பழைய எழுத்துருவில் அச்சாகி, பிடிஎஃப் கோப்பாக அப்படியே இணையத்தில் ஏறுகின்றன. சோதனை சுலபம். ஒரு வரியைப் பிரதி எடுத்துப் புலனத்தில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் நல்லது. கிறுக்கல் வந்தால், கூகுளுக்கும் அது கிறுக்கல்தான்.

அடுத்தது இணைப்புகள். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லேரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ல் கூகுளைத் தொடங்கியபோது அடிப்படையாக இருந்த யோசனை இது: ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் இணைப்புக் கொடுத்தால், அது ஒரு பரிந்துரை மாதிரி. பரிந்துரைப்பவர் மதிப்புள்ளவர் என்றால் இன்னும் கனம். இன்று கூகுள் வேறு பலவற்றையும் பார்க்கிறது, ஆனால் இணைப்பு இன்னும் கணக்கில் இருக்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளி, முன்னாள் மாணவர் சங்கம், மற்ற ஆலயங்கள் ஆகியவற்றின் தளங்களில் நம் முகவரியைப் போடச் சொல்லிக் கேளுங்கள். நாமும் அவர்களுடையதைப் போடுவோம். தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் புதுப் பக்கம் திறக்காமல், ஒரே பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய இணைப்புகளின் பலனும் வீணாகாது.

கூகுள் வரைபடத்தில் ஆலயத்தின் நேரமும் தொலைபேசி எண்ணும் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை நிர்வகிக்கும் கணக்கு பழைய செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் மாட்டிக்கொண்டிருக்கும். அவரைத் தேடிப் பிடிப்பது தனி வேலை.

“இத்தனை வெள்ளி கொடுங்க, கூகுள்ல முதல் இடம் கேரண்டி” என்று செய்தி வந்தால் அழித்துவிடுங்கள். முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இந்த வருஷ வகுப்புக்கு இதுவரை மூன்று பெற்றோர் “கூகுள்ல பார்த்தோம்” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆன்டியின் இளைய மகள் இப்போது படிவம் நான்கு. அவளையும் சேர்த்துவிட்டார். நம் பழைய இதழ்கள் மட்டும் இன்னும் கிறுக்கலாகவே கிடக்கின்றன. ஒருங்குறியில் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் மண்டபத்துக்கு வாங்க. மடிக்கணினி கொண்டு வாங்க, எங்களிடம் இரண்டுதான் இருக்கு.