‘முனை’ என்னும் சொல்லும் பம்புசெட் கையேட்டுத் தமிழும்: சத்தியமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

ஆற்றுப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்த சத்தியமங்கலம் வட்டாரத்தில் மின் பம்புசெட் உழவரின் அன்றாடக் கருவியாகும். நாட்டின் பம்புசெட் உற்பத்தி மையங்களுள் முதன்மையான கோயம்புத்தூரும் அண்மையில் உள்ளது. கருவியோடு வரும் கையேட்டில் ஒரு சொல் பல பொருள் தருமாயின், அதன் விளைவு மொழியளவில் நில்லாது. மோட்டாரின் காயிலையும் அதைக் கையாள்வோர் உயிரையும் தொடும். ‘முனை’ என்னும் சொல்லின்வழி இச்சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு சொல், மூன்று பொருள்

‘மும்முனை மின்சாரம்’ என்னும் தொடரில் முனை என்பது பேஸைக் குறிக்கும். நாளிதழ்களாலும் உழவர் வழக்காலும் இத்தொடர் நிலைபெற்றுவிட்டது. பள்ளி இயற்பியல் பாடநூலோ இதே கருத்துக்குக் ‘கட்டம்’ என்கிறது. காந்தத்தின் ‘வடமுனை’, ‘தென்முனை’ என்பவற்றில் முனை என்பது துருவமாகும். கம்பி இணைக்கும் டெர்மினலும் ‘மின்முனை’ எனப்படுவதுண்டு.

ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டார்கள் பெரும்பாலும் இரண்டு துருவம் உடையவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவற்றின் காந்தப்புலம் நிமிடத்திற்கு 3000 முறை சுழலும்; நான்கு துருவமாயின் 1500 முறை. மூன்று பேஸும் இரண்டு துருவமும் உடைய மோட்டாரை இச்சொல்லாலேயே குறித்தால் ‘மும்முனை இருமுனை மோட்டார்’ என்னும் முரண்தொடர் பிறக்கும்.

‘ஒரு முனை துண்டிக்கப்பட்டால் மோட்டாரை இயக்கலாகாது’ என்னும் தொடரில் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. துண்டிக்கப்பட்டது பேஸா, டெர்மினல் கம்பியா? கம்பி என்று கொண்டு பெட்டியைத் திறப்பவர் எதிரே, மற்ற இரு பேஸ்களிலும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கலாம்.

எழுத்தமைப்பின் பங்கு

‘ஒருமுனை’ எனச் சேர்த்தெழுதினால் ஒரு பேஸ்; ‘ஒரு முனை’ எனப் பிரித்தெழுதினால் ஓர் இணைப்பிடம். பொருள் வேறுபாட்டை ஓர் இடைவெளியே தாங்குகிறது. சொல் வரியிறுதியில் உடையும்போது அதுவும் மறைகிறது. ஆங்கிலக் கையேடுகள் எச்சரிக்கைச் சொற்களைப் பெரிய எழுத்தால் தனித்துக் காட்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடு இல்லை. எனவே தடித்த எழுத்தும் கட்டமும் அப்பணியை ஏற்க வேண்டும். ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ ஆகியவை இடரின் அளவுக்கேற்ப ஒரே வரிசையில் ஆளப்பட வேண்டும்.

தீர்வு

நிலைபெற்ற ‘மும்முனை’, ‘ஒருமுனை’ ஆகியவற்றை மின்சாரத்துக்கும் மோட்டார் வகைக்கும் அடைமொழியாக மட்டும் கொள்ளலாம். தனித்து வருமிடத்துப் ‘பேஸ்’ எனலாம். காந்தத்துக்குத் ‘துருவம்’, கம்பி இணைப்பிடத்துக்கு மெக்கானிக்குகள் அறிந்த ‘டெர்மினல்’ என வரையறுக்கலாம். டெர்மினலில் பொறிக்கப்பட்ட எழுத்துகளைக் கையேடு மாற்றாது தருதல் வேண்டும்.

முடிவுரை

கவலை இறைப்பில் சாலை இழுக்கும் கயிறு ‘வடம்’. அதன் தோல்வாலை இழுக்கும் கயிறு ‘வால்கயிறு’. இரண்டும் கயிறே எனினும் வேலை வேறு என்பதால் பெயரும் வேறாயிற்று. கொங்கு உழவர் தம் கருவிக்கு வகுத்துக்கொண்ட இவ்வொழுங்கே கையேட்டுத் தமிழுக்கும் உரிய இலக்கணம் ஆகும். கலைச்சொல்லின் தூய்மையினும் அதன் ஒருபொருண்மையே இங்கு முதன்மை பெற வேண்டும்.