ஒட்டகத்தைக் கட்டிவிட்டுக் கேட்கும் துஆ

சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகள் மருத்துவக் கல்லூரிக்கான நீட் நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதித் தவறிவிட்டாள். மறுமுறை எழுத ஆயத்தமாகிறாள். "ஹஜ்ரத், பிள்ளை இரவு பகலாகப் படிக்கிறாள். படித்தது நிற்கவில்லை என்று அழுகிறாள். இந்தத் தடவையும் தவறினால் நிக்காஹை முடித்துவிட வேண்டியதுதான் என்கிறார் அவளுடைய வாப்பா. ஞாபக சக்திக்கு எந்த துஆவை எத்தனை தடவை ஓத வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

அவருக்கு நாம் எழுதிய பதிலை, அதே கவலையுள்ள மற்ற இல்லங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

துஆ அவசியம் கேட்க வேண்டும். கல்வியை அதிகமாக்கித் தரும்படி கேட்கும் துஆவை அல்லாஹுத் தஆலாவே தாஹா ஸூராவில் கற்றுத் தந்திருக்கிறான். அதற்கு எண்ணிக்கை ஏதும் அங்கே கூறப்படவில்லை. ஆனால் இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. படிப்பு விஷயத்தில் ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி? இதுதான் கேள்வி.

ஹிப்ளு மத்ரஸாவின் வழி

இதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது ஹிப்ளு மத்ரஸாக்களிலேயே விடை இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளை நாள்தோறும் மூன்று வேலைகளைச் செய்கிறது. அன்றைய புதிய பாடமாகிய சபக்கை ஒப்புவிக்கிறது. சென்ற சில நாட்களின் பாடங்களைத் திரும்ப ஓதுகிறது. முன்னரே முடித்த ஜுஸ்வுகளில் ஒரு பகுதியைத் தௌர் செய்கிறது. பழைய பாடம் தடுமாறினால் உஸ்தாத் புதிய சபக் கொடுப்பதில்லை.

நாம் ஹிப்ளு ஓதிய காலத்தில், ரமலானுக்குள் கூட்டாளிகளை முந்திவிட வேண்டும் என்ற ஆசையில் புதிய பாடத்திலேயே ஓடினோம். முஸ்ஹஃபைப் பார்த்து ஓதும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருந்தது. மூடிவிட்டு உஸ்தாதின் முன் உட்கார்ந்தபோது நான்காவது ஆயத்திலேயே நாவு நின்றுவிட்டது. உஸ்தாத் அடிக்கவில்லை. "பார்த்து ஓதியது கண்ணில் இருக்கும், பார்க்காமல் ஓதியதுதான் நெஞ்சில் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்கள். அன்று தலை குனிந்ததை இன்றும் மறக்கவில்லை.

மனனம் செய்தவரைக் கட்டப்பட்ட ஒட்டகத்தின் சொந்தக்காரருக்கு ஒப்பிட்டு, அவர் கவனித்து வந்தால் அது நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும் என்ற கருத்தில் வரும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இறைவேதத்துக்கே இப்படியென்றால் மற்றப் பாடங்களைச் சொல்ல வேண்டுமா?

இக்கால ஆய்வும் இதையே சொல்கிறது. 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பார்க்காமல் நினைவுபடுத்திப் பழகியவர்களே முந்தி நின்றார்கள்.

அந்தப் பிள்ளை அழுவதன் காரணம் இதுதான். அவளுக்கு ஞாபக சக்தி குறைவில்லை. திறந்த புத்தகத்தின் முன்னேயே அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

செய்ய வேண்டியது

முதலாவது: ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து எழுத வேண்டும். இதயத்தில் இரத்தம் ஓடும் பாதையைப் படித்தால் படத்தைப் பாராமல் தானே வரைய வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் குறிக்க வேண்டும்.

இரண்டாவது: நாளை மூன்றாகப் பங்கிட வேண்டும். ஒரு பங்கு புதிய பாடத்துக்கு. ஒரு பங்கு சென்ற வாரத்துப் பாடங்களுக்கு. ஒரு பங்கு பழைய பாடங்களின் தௌருக்கு. இயற்பியல் கடினம் என்று உயிரியலைக் கைவிடலாகாது. 2025 ஆம் ஆண்டுத் தேர்வில் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கே உரியவை.

மூன்றாவது: தவறுகளுக்கென்று தனி நோட்டு வேண்டும். தடுமாறிய இடத்தில் உஸ்தாத் பென்சிலால் கோடிடுவதில்லையா? அதுபோல, மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு வினாவையும் எழுதி, தெரியாததா, மறந்ததா, அவசரத்தில் பிழைத்ததா என்று குறிக்க வேண்டும். மூன்று நோய்களுக்கும் மருந்து வேறு வேறு.

நான்காவது: இரவைத் தின்னும் படிப்பு வேண்டாம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சும் கைபேசியும் இன்றி உறங்கி, ஸுப்ஹுக்கு எழுந்து படிப்பதே நலம். படித்தது மனத்தில் பதிவதற்கு உறக்கம் வேண்டும். 2026, 2027 ஆம் ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரியிலேயே தொடங்குகிறது. பிளஸ் டூ பரீட்சையும் அதையொட்டி வருகிறது. எனவே புதிய பாடங்களை அதற்கு முன்பே முடித்துக்கொண்டு, நோன்பு நாட்களைத் தௌருக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கும் நிதானமும்

2025 ஆம் ஆண்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள் தரப்பட்டன. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. ஒன்றுமே தெரியாத 20 வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 5 சரியாகும். 20 வந்து 15 போய் மிஞ்சுவது 5 தான். கணக்குத் தப்பினால் கையிலிருப்பதும் போகும். நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று உறுதியாகத் தள்ளிய பின் குறித்தாலோ, அதே இருபதில் சராசரியாக 10 சரியாகி 30 மிஞ்சும். ஆகவே நிதானமே இலாபம். தேர்வு முறை மாறக்கூடியது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் தவறாமல் படிக்க வேண்டும்.

தேர்வு நாளில் தொழுகை

பரீட்சை நாளில் தொழுகை தவறிவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். தவற வேண்டியதில்லை. 2025 இல் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. வாயில் 1.30க்கு மூடப்பட்டது. பர்தா, தலைத்துணி அணிவோர் சோதனைக்காக 12.30க்குள் வந்துவிட வேண்டும் என்று அறிவிப்புக் கூறியது. மே மாதத் தொடக்கத்தில் லுஹர் நேரம் சென்னையில் ஏறத்தாழ 12.06க்கும், கோவைப் பக்கம் 12.20க்கும் தொடங்குகிறது. எனவே முதல் நாளே மையத்துக்கு அருகில் தொழ இடம் பார்த்து வைத்து, உளூவுடன் காத்திருந்து, நேரம் வந்ததும் தொழுதுவிட்டு உள்ளே செல்லலாம். 5 மணிக்கு வெளியே வந்தால் அஸருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது.

பெற்றோர் கட்ட வேண்டிய கயிறு

சான்றிதழ்களை முன்கூட்டியே வாங்கி வைப்பது பெற்றோரின் வேலை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவிகித உள்ஒதுக்கீடு உண்டு. கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடி இந்த உரிமையை இழக்கலாகாது. வினாத்தாளை முன்கூட்டியே தருவதாகப் பணம் கேட்பவனை வீட்டு வாசலிலும் நிறுத்தலாகாது. அந்த வழியில் பெற்ற பட்டம் நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

இனி அந்த வாப்பாவுக்கு ஒரு வார்த்தை. நிக்காஹ் நமது நாயகம் (ஸல்) அவர்களின் ஸுன்னத். அதைத் தோல்விக்குத் தண்டனையாகக் காட்டலாமா? பயந்த பிள்ளைக்குத் தெரிந்த பாடமும் மறக்கும். "நீ முயற்சி செய், முடிவு எதுவானாலும் நீ எங்கள் பிள்ளை" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வேளாண்மை, பி.பார்ம். போன்ற படிப்புகளுக்கு 2025 இலும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண் கொண்டே இடம் தரப்பட்டது. ரிஸ்க்கின் வாசல்களை ஒரு பரீட்சையோடு அல்லாஹ் முடித்துவிடவில்லை.

தாய்மார்களே! நீங்கள் துஆ கேளுங்கள். பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தை வாங்கி மூடிவைத்து, "இப்போது சொல்லு" என்றும் கேளுங்கள். உங்களுக்கு அந்தப் பாடம் தெரிய வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும்.

நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைக் கொண்டு மக்களுக்குச் சேவை செய்யும் பாக்கியத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.